சிங்கத்தை விடுங்க... நத்தையைப் பார்த்துப் போங்க!

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி. அக்கவுண்ட்ஸ், பர்ச்சேஸ், சர்வீஸ் என்று உங்கள் டிபார்ட்மெண்ட் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். மேனேஜர் கூப்பிடுகிறார்.

"தம்பி, நம்ம மெஷின் ஒண்ணு கென்யாவுல கிசுமுங்கற ஊருக்குப் போயிருக்கு. பத்து நாள் போய்ப் பார்த்துட்டு வந்துடறீங்களா?"

"ச...ரி சார்!"

சரி சொல்ல ஒரு செகண்டு போதும். அதற்கப்புறம்தான் கச்சேரியே ஆரம்பம். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் ஆபீஸ் பூராவும் விஷயம் பரவிவிடும்.

"மச்சி, அங்க சிங்கம் நடுரோட்ல வாக்கிங் போகுமாமே!"

"பாம்பு ஒவ்வொண்ணும் தென்னமரம் நீளமாம்ப்பா!"

சாயந்தரம் வீடு. அம்மா காபி டம்ளரை டக்கென்று வைக்கிறார். "எதுக்குடா அவ்ளோ தூரம்? ஒரே காடாமே! பேசாம அந்த மேனேஜரையே போயிட்டு வரச் சொல்லேன்!"

ஆளுக்கொரு பயம். ஆனால் கவனித்தீர்களா? ஒருத்தர் வாயிலிருந்தும் 'நத்தை' என்ற வார்த்தை வரவில்லை. 'மஞ்சள் அட்டை' வரவில்லை. 'பாலிதீன் பை' வரவில்லை. கிசுமு போகிறவரை நிஜமாகவே மடக்கக்கூடிய ஆசாமிகள் இவர்கள்தான். கூடவே நம் பழைய சிநேகிதர் ஒருவர்... கொசு!

கம்பெனி அனுப்பினாலும் சரி, அங்கே வேலையிலிருக்கும் நண்பனைப் பார்க்கப் போனாலும் சரி, சும்மா ஊர் சுற்றிப் பார்க்கப் போனாலும் சரி. பிளான் ஒன்றுதான். வாங்க, போடுவோம்.

ஏலகிரி உயரத்தில் ஒரு கடல்!

கிசுமு இருப்பது கென்யாவின் மேற்கு ஓரத்தில், விக்டோரியா ஏரிக்கரையில். ஏரி என்றதும் செம்பரம்பாக்கத்தைக் கற்பனை பண்ணிக்கொள்ளாதீர்கள். (பூந்தமல்லிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்!) விக்டோரியா ஏரியின் பரப்பு சுமார் 68,800 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு மொத்தமும் சேர்ந்தே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். அதாவது பாதித் தமிழ்நாட்டுக்கு மேல் ஒரே தண்ணீர்! உலகத்து நன்னீர் ஏரிகளில் பரப்பளவில் இரண்டாவது இடம். கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்று நாடும் பங்கு போட்டிருக்கின்றன. இதில் கென்யாவின் பங்கு வெறும் 6 சதவிகிதம். அந்த 6 சதவிகிதத்தின் கரையில் நின்று பார்த்தாலே நம்ம ஆளுக்கு மெரினா ஞாபகம் வந்துவிடும்.

பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிறது ஊர். 'ஐயோ, வெயில் பொசுக்குமே' என்று பயப்படாதீர்கள். கிசுமு கடல் மட்டத்திலிருந்து 1,130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட நம்ம ஏலகிரி உயரம். பகலில் 30 டிகிரியை ஒட்டி, ராத்திரியில் 18 டிகிரி. மே மாதத்து ஆவடியில் குடியிருக்கும் உங்களுக்கு அது ஹனிமூன் கிளைமேட்! மார்ச் முதல் மே வரை மழை வெளுத்து வாங்கும். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை, இல்லை ஜூன் முதல் செப்டம்பர் வரை போவது உத்தமம்.

கரையில் ஒரு பழைய முகத்தையும் பார்ப்பீர்கள். ஆகாயத்தாமரை! கொரட்டூர் ஏரியிலும் அம்பத்தூர் ஏரியிலும் பார்த்துப் பார்த்துச் சலித்த அதே செடி. தென்னமெரிக்காவில் பிறந்து உலகம் சுற்றிய இந்தச் செடி, 1990-களில் விக்டோரியா ஏரியில் படர்ந்து கிசுமு துறைமுகத்தில் கப்பல் நகர முடியாதபடி அடைத்துக்கொண்டது. கடைசியில் அதைத் தின்கிற ஒரு வகை வண்டை ஏரியில் விட்டுத்தான் கட்டுப்படுத்தினார்கள். அப்படியும் அவ்வப்போது தலைகாட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

சிங்கக் கணக்கும் கொசுக் கணக்கும்

ஆவடி லோக்கலில் தினமும் போகிறவர்களுக்கு வில்லிவாக்கம் தாண்டியதும் ஐ.சி.எஃப் தெரியும். அந்தத் தொழிற்சாலையில் செய்த ரயில் பெட்டிகள் தான்சானியாவுக்கும் உகாண்டாவுக்கும் போயிருக்கின்றன. ஆனால் அந்தப் பக்கத்துக்கும் நமக்கும் உள்ள ரயில் சம்பந்தம் அதைவிடப் பழசு.

1896-ல் வெள்ளைக்காரன் மொம்பாசா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரிக்கு ரயில் பாதை போட ஆரம்பித்தான். வேலைக்கு ஆள்? இந்தியாவிலிருந்து! சுமார் 32,000 பேர். பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்துக்காரர்கள். மூன்று வருஷ ஒப்பந்தம். 'பைத்தியக்காரப் பாதை' என்று லண்டனில் கேலி பண்ணினார்கள். ஆனாலும் 1901 டிசம்பரில் தண்டவாளம் ஏரியைத் தொட்டது. தொட்ட இடம்தான் இன்றைய கிசுமு. அன்றைக்கு அதன் பெயர் போர்ட் ஃபுளோரன்ஸ். பாதை போட்ட இன்ஜினீயரின் மனைவி பெயர்!

இந்த வேலையில்தான் அந்தப் பிரபல சிங்கங்கள் வருகின்றன. 1898-ல் சாவோ என்ற இடத்தில் பாலம் கட்டும்போது இரண்டு ஆண் சிங்கங்கள் ராத்திரி ராத்திரி கூடாரத்துக்குள் புகுந்து ஆட்களை இழுத்துப் போயின. அவற்றைச் சுட்ட பாட்டர்சன் என்ற ராணுவ அதிகாரி பின்னாளில் சொன்ன கணக்கு 135 பேர். ரயில்வே வைத்திருந்த கணக்கில் இந்தியத் தொழிலாளர்கள் 28 பேர். இதை வைத்து ஹாலிவுட்டில் சினிமாகூட வந்தது.

இப்போது அடுத்த கணக்கைக் கேளுங்கள். அந்தப் பாதையில் செத்துப்போன இந்தியத் தொழிலாளர்கள் மொத்தம் சுமார் 2,500 பேர்! சிங்கம் தின்றது போக மற்றவர்கள் எப்படிப் போனார்கள்? பெரும்பாலும் நோயிலும் விபத்திலும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மலேரியா. சிங்கத்துக்கு முள்வேலி போட்டார்கள், நெருப்பு மூட்டினார்கள், துப்பாக்கியோடு மரத்தில் உட்கார்ந்தார்கள். கொசுவுக்கு? ஒன்றும் இல்லை! பாவம், அவர்களுக்குத் தெரியாது. மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்ததே 1897 ஆகஸ்டில்தான்.

அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தும் சிங்கத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் எப்படி?

பேப்பர் வேலை

முதலில் பாஸ்போர்ட். இல்லாதவர்கள் உடனே விண்ணப்பியுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். அம்பத்தூர், ஆவடிக்காரர்களுக்கு அமைந்தகரை சேவா கேந்திரா பக்கம். இருக்கிறவர்கள் எடுத்துப் பாருங்கள், இன்னும் ஆறு மாதமாவது உயிர் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்குத்தான் சொன்னேன்!

அடுத்து விசா. 2024 ஜனவரியிலிருந்து கென்யா விசா முறையையே மாற்றிவிட்டது. அதற்குப் பதில் 'ஈ.டி.ஏ.' என்று ஒரு மின்னணு அனுமதி. தூதரக வாசலில் கால் கடுக்க நிற்க வேண்டாம், கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 30 அமெரிக்க டாலர், கூடவே சின்னதாக ஒரு சேவைக் கட்டணம். டிக்கெட், தங்கும் இடம், போட்டோ எல்லாம் கேட்பார்கள். பயணத்துக்கு மூன்று நாள் முன்பு கடைசி நேரம். நீங்கள் இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: கென்ய அரசின் சொந்தத் தளம்தானா என்று ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பாருங்கள். அதே ஜாடையில் வேஷம் கட்டிக்கொண்டு மூன்று மடங்கு கறக்கிற தனியார் தளங்களும் உண்டு.

உகாண்டா, ருவாண்டாவும் சேர்த்துப் பார்க்க ஆசையா? மூன்று நாட்டுக்கும் சேர்த்து 90 நாளுக்கு ஒரு சுற்றுலா விசா இருக்கிறது. 100 டாலர்.

இங்கேதான் இளைஞர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஈ.டி.ஏ. என்பது போய்ப் பார்த்துவிட்டு வர. வேலை பார்க்க அல்ல! "தம்பி, முதல்ல டூரிஸ்டா போயிடு. அங்க போனதும் வேலை பர்மிட் வாங்கித் தர்றோம். இப்போ ஒரு லட்சம் கட்டு" என்று யாராவது டீக்கடையில் உட்கார்ந்து சொன்னால், அந்த டீக்குக் காசை நீங்களே கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். லட்சத்துக்கு டீ மலிவு! வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் இந்திய அரசிடம் பதிவு செய்தவரா என்று ஈ-மைக்ரேட் தளத்தில் ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். கம்பெனி அனுப்பி மெஷினைக் கழற்றி மாட்டப் போகிறவர்கள்கூட, குறுகிய கால வேலைக்கான 'ஸ்பெஷல் பாஸ்' தேவையா என்று கம்பெனி மூலம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. ஸ்பேனரும் கையுமாகப் பிடிபட்டு "சும்மா டூரு சார்" என்றால் எந்த ஊர் அதிகாரியும் சிரிப்பார்.

மஞ்சள் அட்டை... மறந்தா ஆறு நாள்!

இதுதான் ரொம்ப முக்கியம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி.

இதில் ஒரு வேடிக்கை. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா இந்த அட்டையைக் கேட்பதில்லை. ஏனென்றால் இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. அதனால் பலர் ஜாலியாகப் போய்விடுவார்கள். திரும்பும்போது கேட்பது நம்ம ஊர்க்காரர்! கென்யா, உகாண்டா போன்ற நாடுகளிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் வந்து இறங்குகிறவரிடம் அட்டை இல்லையென்றால், விமான நிலையத்திலிருந்து நேராகத் தனிமை முகாம். அதிகபட்சம் ஆறு நாள். வாசலில் மாலையோடு நிற்கிற மச்சானைப் பார்த்துக் கை மட்டும் ஆட்டலாம்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? காரணம் இருக்கிறது. இந்தக் காய்ச்சலைப் பரப்புகிற ஏடிஸ் கொசு நம்ம ஊரில் தாராளமாக இருக்கிறது. டெங்குவைப் பரப்புகிற அதே கொசுதான். கிருமி மட்டும்தான் இன்னும் வரவில்லை. அது உங்கள் உடம்பில் ஏறி வந்து அம்பத்தூரில் இறங்கிவிட்டால்? அந்த அட்டை உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் தெருவுக்கே காப்பு.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். துறைமுக சுகாதார அலுவலகத்திலும் உண்டு. எந்தக் கிழமை, முன்பதிவு எப்படி என்று விசாரித்துக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள். முட்டை அலர்ஜி, வேறு நோய், மாத்திரை எதுவானாலும் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். முதல் நாள் ஊசி, மறுநாள் விமானம் என்பதெல்லாம் நடக்காது. ஒரு நல்ல சேதி: 2016-லிருந்து ஒரு தரம் போட்டால் ஆயுசு முழுக்கச் செல்லும். ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொசுவும் நத்தையும்

மலேரியாவுக்கு அப்படி அட்டையெல்லாம் கிடையாது. ஏரியை ஒட்டிய கிசுமு வட்டாரம் கென்யாவிலேயே மலேரியா அதிகமுள்ள பகுதி. அதுவும் மூளையைத் தாக்கக்கூடிய முரட்டு ரகம். "நாங்க கொரட்டூர் கொசுவையே பார்த்தவங்க சார்!" என்று மார்தட்டாதீர்கள். நம் ஊர்க் கொசுக்கடி அந்த மலேரியாவைத் தாங்குகிற சக்தியை நமக்குத் தந்துவிடாது.

போகுமுன் டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை கேளுங்கள். சிலதைக் கிளம்ப ஓரிரு நாள் முன்பு ஆரம்பிக்கலாம், சிலதை இரண்டு மூன்று வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். முக்கியமாக, ஊர் திரும்பிய பிறகும் சில நாள் தொடர வேண்டும். 'வந்தாச்சு, இனிமே எதுக்கு?' என்று நிறுத்துவதுதான் ஆபத்து. ராத்திரி கொசுவலை, சாயந்தரம் முழுக்கை சட்டை. திரும்பி வந்து சில மாதம் வரை காய்ச்சல் அடித்தால், தெருமுனையில் பாராசிடமால் வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். டாக்டரிடம் முதல் வாக்கியமே, "சார், நான் கென்யா போயிட்டு வந்தேன்" என்று இருக்கட்டும். அந்த ஒரு வாக்கியம் உயிரைக் காப்பாற்றும்.

அடுத்து, தலைப்பில் வந்த கதாநாயகர் – நத்தை.

ஏரியைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதிக்கத் தோன்றும். குதிக்காதீர்கள்! கரையோரத் தண்ணீரில் ஒரு வகைச் சின்ன நத்தை இருக்கிறது. அது கடிக்காது, கொட்டாது. அதன் உடம்பில் வளரும் ஒரு புழுவின் குஞ்சு தண்ணீரில் நீந்தி வந்து நம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். 'பில்ஹார்சியா' என்று பெயர். முழங்கால் தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும், வலிக்கவும் வலிக்காது. பல வாரம் கழித்துக் காய்ச்சல், வயிற்றுவலி. கவனிக்காமல் விட்டால் வருஷக்கணக்கில் ஈரலையும் குடலையும் கெடுக்கும். மாத்திரையில் குணமாகிற நோய்தான். ஆனால் அம்பத்தூரில் வயிற்றுவலி என்று போனால் யாருக்கு நத்தை ஞாபகம் வரும்?

நீர்யானையும் உண்டு. பார்க்கத்தான் சாது, சிங்கத்தைவிட முன்கோபி. படகில் தூர நின்று பார்ப்பதோடு சரி.

மஞ்சப்பைக்கு வந்தது யோகம்

பெட்டியில் அம்மா கட்டித் தருகிற பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், முறுக்கு எல்லாம் இருக்கும். எதில்? பாலிதீன் கவரில்! அங்கேதான் சிக்கல். 2017 ஆகஸ்ட் 28 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. சும்மா தடை இல்லை, 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதம், இல்லை நாலு வருஷம் வரை சிறை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். வழியில் விமான நிலையத்துக் கடையில் வாங்கிய சாக்லேட்டின் கவரைக்கூட இறங்கும்போது விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கம்பெனியில் ஒட்டி வந்த பாக்கெட் பரவாயில்லை, தூக்குப் பைதான் கூடாது.

தமிழ்நாட்டில் 2019-ல் பிளாஸ்டிக் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை நாலைந்து பரணில் கிடக்குமே, எடுங்கள் வெளியே! மாப்பிள்ளை, பெண் பெயரெல்லாம் வெளிநாடு பார்க்கட்டும்.

மாசக் கடைசிக் கீரை!

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். அந்த ஊர் முக்கியச் சாப்பாடு 'உகாலி'. வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி. கையால் பிட்டு, உருட்டி, நடுவில் கட்டைவிரலால் குழி பண்ணி, குழம்பைத் தொட்டு வாயில் போட வேண்டும். நம்ம ஆளுக்கு டிரெயினிங்கே தேவையில்லை.

கேழ்வரகிலும் செய்வார்கள். ஆடி மாசம் நம்ம அம்மன் கோயில் வாசல்களில் ஊற்றுகிற கூழுக்கு ஆதாரமான கேழ்வரகு, கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலத்தில் பயிராகி, பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்ம ஊருக்கு வந்த தானியம். கிசுமு வட்டாரத்து லுவோ மொழியில் கேழ்வரகுக்கு என்ன பெயர் தெரியுமா? 'கல்'! அங்கே போய்க் கூழ் குடிப்பது என்பது, நம்ம கேழ்வரகை அதன் தாய்வீட்டில் பார்த்துவிட்டு வருவது.

உகாலிக்குத் தொட்டுக்கொள்ள ஏரி மீன், கூடவே ஒரு கீரைப் பொரியல். அதன் பெயர் 'சுகுமா விக்கி'. ஸ்வாஹிலி மொழியில் அர்த்தம், 'வாரத்தைத் தள்ளு'! கையில் காசு குறைந்த நாள்களில் வாரத்தை ஓட்டுகிற மலிவான கீரை. 25-ஆம் தேதிக்கு மேல் ரசத்தையும் அப்பளத்தையும் வைத்து மாதத்தைத் தள்ளுகிற நமக்கு இதைவிட நெருக்கமான ஐட்டம் உண்டா?

'தாதா'வைப் பார்த்தா வணக்கம் போடுங்க!

பாஷை? இங்கிலீஷ் ஓடும். ஸ்வாஹிலியில் பாதி நமக்குத் தெரிந்த மாதிரியே இருக்கும். காசு – 'பேசா'. கடை – 'துக்கா'. வண்டி – 'காரி'. லட்சம் – 'லக்கி'. சப்பாத்தி – சப்பாத்தியேதான்! எல்லாம் இந்திய வியாபாரிகள் விட்டு வந்த வார்த்தைகள். ஒரே ஒரு ஜாக்கிரதை: 'தாதா' என்றால் அங்கே சகோதரி. 'காக்கா' என்றால் சகோதரன். யாராவது உங்களைக் 'காக்கா' என்று கூப்பிட்டால் சண்டைக்குப் போகாதீர்கள், அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள்.

நேரம் இன்னொரு தமாஷ். கடிகாரப்படி கென்யா நமக்கு இரண்டரை மணி பின்னால். அதோடு போகவில்லை. ஸ்வாஹிலியில் நேரத்தை சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். காலை ஏழு மணி அவர்களுக்கு 'ஒண்ணு', எட்டு மணி 'ரெண்டு'. நம்ம தாத்தா காலத்து நாழிகைக் கணக்கும் உதயத்திலிருந்துதானே! பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு 'ரெண்டு' என்று சொன்னால், எந்த ரெண்டு என்று இன்னொரு தரம் கேளுங்கள்.

மனுஷர்களைப் பற்றி வீட்டில் பயப்படுகிறார்களா? ரயில் பாதை போட்டவர்களில் சுமார் 6,700 இந்தியர்கள் ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஊர் திரும்பவில்லை. பின்னாலேயே குஜராத்தி வியாபாரிகளும் வந்தார்கள். 2017-ல் கென்ய அரசு அங்குள்ள இந்திய வம்சாவளியினரைத் தங்கள் நாட்டின் 44-வது இனமாக முறைப்படி அறிவித்தது. கிசுமு வட்டாரமே தலையில் வைத்துக் கொண்டாடிய முன்னாள் பிரதமர் ரைலா ஒடிங்கா, சிகிச்சைக்கு வந்த இடத்தில், 2025 அக்டோபர் 15-ல் காலமானது நம்ம பக்கத்து கேரளாவின் கூத்தாட்டுகுளத்தில். இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்றால் பேச விஷயம் இருக்கும். ஆனால் அரசியல் ஊர்வலம், ஆர்ப்பாட்டம் என்றால் கிட்டே போகாதீர்கள். 2024-ல் கென்யாவில் வரி உயர்வை எதிர்த்து நடந்த போராட்டங்களில் பல உயிர்கள் போயின.

போவதும் சுற்றுவதும்

மும்பை வழியாகவோ, வளைகுடா நாடுகள் வழியாகவோ, அடிஸ் அபாபா வழியாகவோ நைரோபி. அங்கிருந்து கிசுமு முக்கால் மணி நேர விமானம். சாலையில் போனால் சுமார் 340 கிலோமீட்டர், பகலில் போவது நல்லது. ரயிலும் உண்டு. பல வருஷம் நின்றுகிடந்த நைரோபி–கிசுமு ரயிலை 2021 டிசம்பரில் மறுபடி ஓட்டினார்கள். மீட்டர் கேஜ்! 2004-ல் நின்றுபோன பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் ரயிலை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்கள், ஓடுகிற நாள் விசாரித்துக்கொண்டு ஏறலாம். நம்மவர்கள் போட்ட பாதையின் வாரிசு அது.

ஊருக்குள் 'போடா போடா' உண்டு. திட்டவில்லை, பைக் டாக்ஸிக்குப் பெயரே அதுதான்! கென்யா–உகாண்டா பார்டரில் 'பார்டர், பார்டர்' என்று கூவி ஆள் ஏற்றிய சைக்கிள்காரர்கள் வைத்த பெயர். ஓடுகிற வண்டி பாதிக்கு மேல் நம்ம பஜாஜும் ஓசூர் டி.வி.எஸ்ஸும்தான் என்று தோன்றும். ஹெல்மெட் கொடுத்தால் மட்டும் ஏறுங்கள். ஆட்டோவும் இருக்கிறது. மீட்டர் விஷயத்தில் நம்ம ஊர் மாதிரியே, முதலில் பேரம், அப்புறம் பயணம்.

துங்கா கரையில் படகுச் சவாரி போகலாம், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு. 1996 மே மாதம் இதே ஏரியில், தான்சானியா பக்கம் 'புகோபா' என்ற கப்பல் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிக் கவிழ்ந்து எண்ணூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். படகு நிரம்பியிருந்தால் அடுத்ததில் போகலாம். மியூசியம், கிட் மிகாயி என்ற பிரமாண்டமான பாறை அடுக்கு, மசேனோவில் பூமத்திய ரேகைப் போர்டு, ஒபாமாவின் அப்பா ஊரான கொகேலோ என்று இரண்டு நாளுக்குத் தாராளமாக இருக்கிறது.

காசு? ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ஷில்லிங், கொஞ்சம் முன்னே பின்னே. பெட்டிக்கடையில்கூட செல்போனில் பணம் வாங்குவார்கள். 'எம்-பேசா' என்று பெயர். நமக்கு யு.பி.ஐ. வந்தது 2016-ல். அவர்களுக்கு இது 2007-லேயே!

காலண்டரில் வட்டம் போடுங்க

60 நாள் முன்பு: பாஸ்போர்ட்.

30 நாள் முன்பு: டாக்டர், மலேரியா மாத்திரை யோசனை, கிண்டியில் ஊசி.

15 நாள் முன்பு: ஈ.டி.ஏ., பயண இன்சூரன்ஸ்.

ஒரு வாரம் முன்பு: கொசு களிம்பு, மூன்று சதுர முள் உள்ள பிளக் அடாப்டர், மஞ்சப்பை.

கிளம்புகிற அன்று: பாஸ்போர்ட்டோடு மஞ்சள் அட்டை ஒரிஜினல். ஜெராக்ஸ் ஒன்று வீட்டில்.

வந்த பிறகு: மாத்திரையை முடிக்கும்வரை நிறுத்தாதீர்கள்.

இவ்வளவும் செய்துவிட்டுக் கிளம்பும்போதும் அம்மா கேட்பார், "சிங்கம் வந்தா என்னடா பண்ணுவே?"

சொல்லுங்கள்: "அது நைரோபி பக்கத்து நேஷனல் பார்க்ல இருக்கும்மா. டிக்கெட் வாங்கினாத்தான் பார்க்க முடியும். அந்தக் கொசுவலையை மட்டும் மறக்காம எடுத்து வை!"